இருவர் செய்த நூல்

ஆனந்த குமாரசுவாமி என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது நடராசத் திருவுருவத்தைப் பற்றி அவர் வரைந்த கட்டுரையும், அதனைத் தாங்கி 1918-இல் வெளிவந்த நூலுமே ஆகும். மேடையேறும் அறிஞர் எவரும் அதனைத் தொடாமல் இறங்குவதில்லை. ஆயின், அவர் பெயரால் வழங்கும் நூல்களுள் நாம் பெரிதும் மதிப்பது அதற்குப் பத்தாண்டு முற்பட்ட வேறொன்று. 'மீடீவல் சிங்கலீஸ் ஆர்ட்' என்பது அதன் பெயர். இடைக்காலச் சிங்களக் கலை என்று பொருள். இளந்தம்பதியர் இருவர் இலங்கைத் தீவில் ஏறத்தாழ நான்காண்டு வாழ்ந்து, பின் ஊர் திரும்பி, அங்கிருந்து அச்சிட்டுத் தந்த நூல் அது. முகப்பிலோ ஒருவர் பெயரே காணப்படுகின்றது. அந்நூல் இருவருடையது என்பதையும், அவ்விருவரும் உலவிய மலைகளிலேயே வாழ்ந்தும் அதனுள் இடம்பெறாத ஒரு பெருங்கூட்டம் உண்டு என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகின்றோம். அக்கூட்டத்தார் நம் உறவினர். கொழுந்து பறிக்கக் கண்டி மலைக்கு ஒரு கப்பலும், பால் வெட்டவும் கொழுந்து பறிக்கவும் மலாயாவுக்கு மற்றொரு கப்பலும் ஏறியது ஒரே நாட்டு மக்கள்தாம்.

முதலில் அத்தம்பதியர் யாவர் எனக் காண்போம். ஆனந்த கென்டிஷ் குமாரசுவாமி 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் கொழும்பிலே பிறந்தவர். தந்தையார் சர் முத்துக்குமாரசுவாமி, இலங்கைத் தமிழர். இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுப் புகழ் எய்தியவர். தாயார் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கில மாது. 'கென்டிஷ்' என்னும் நடுப்பெயர் தாயாரின் கென்ட் நாட்டை நினைவூட்டுவது. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன் 1879-இல் தந்தையார் காலமானார். பிள்ளை இங்கிலாந்திலேயே வளர்ந்து, இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று தேறினார். இப்படித் தமிழ்ப் பெயரும் ஆங்கில நாவும் உடையவராய் வளர்ந்தவர் 1902-இல் எதெல் மேரி பார்ட்ரிட்ஜ் என்னும் அம்மையாரை மணந்தார். அம்மையார் டெவன் நாட்டுப் பார்ன்ஸ்டபிள் ஊரில் மருந்து வணிகர் ஒருவரின் மகளாக 1872-இல் பிறந்தவர். அஃதாவது, மணமகனுக்கு இருபத்து நான்கு, மணமகளுக்கு முப்பது. இதைக் கேட்டு மூக்கின்மேல் விரல் வைப்பார் நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இன்றும் உளர். அவர்கள் விரலை எடுத்துவிட்டு மேலே படிப்பாராக.

மறு ஆண்டு இருவரும் இலங்கை சேர்ந்தனர். இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறையின் தலைவராய் 1903 முதல் 1906 வரை குமாரசுவாமி பணியாற்றினார். 1904-இல் தோரியனைட் என்னும் கனிமத்தைக் கண்டெடுத்தவர் அவரே. மண்ணையும் கல்லையும் அளக்க வந்த உத்தியோகம் அது. நாம் வாழும் இம்மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் 1885-இல் இங்கு வந்ததும் அதே வகை உத்தியோகத்தின் பொருட்டே. நிலம் அளப்பவர் ஒருவர் முன்னே வருவார். அவர் பின்னே தேயிலை வரும். தேயிலையின் பின்னே நாம் வருவோம். இவ்வழக்கம் கிழக்கு நாடுகள் பலவற்றிற்கும் பொது. குமாரசுவாமி அதனின்று வேறுபட்ட இடம் ஒன்றுண்டு. கல்லைத் தேடிப் போன இடமெல்லாம் அவர் கல்லை இழைத்தவனையும் தேடினார். இரும்புத் தாதுவைக் குறித்துக்கொண்டதோடு நில்லாமல், அவ்விரும்பை உருக்கும் கொல்லனின் துருத்தியருகே உட்கார்ந்தார். அவரோடு அம்மையாரும் உட்கார்ந்தார். அம்மையார் கையில் புகைப்படக் கருவி இருந்தது.

நூலின் அருமை இங்கேதான் தொடங்குகின்றது. கலை நூல் என்று நாம் பள்ளியிற் கண்டவை பெரும்பாலும் பொருட்காட்சிச் சாலையின் பட்டியல்கள். இது இன்ன நூற்றாண்டு, இது இன்ன மன்னன் காலம், இது இத்தனை அங்குலம் என்று அவை கூறும். செய்தவன் உண்டானா, பட்டினி கிடந்தானா என்று கூறா. இந்நூலோ முதலிலே சமுதாய அமைப்பை எடுத்துரைக்கின்றது. நிலம் யாருடையது, அந்நிலத்தை உழுதுண்பதற்கு ஈடாகக் கைவினைஞன் அரசனுக்கும் கோயிலுக்கும் என்ன பணி செய்தான், எத்தொழிலுக்கு எக்குலம், விழாவில் யாருக்கு என்ன இடம் என்றெல்லாம் சொல்லிய பின்னரே உளிக்கும் சுத்தியலுக்கும் வருகின்றது. பின்பு கல், மரம், தந்தம், இரும்பு, பித்தளை, வெள்ளி, பொன், அரக்கு, மண், பாய், நெசவு, பூத்தையல் என ஒவ்வொன்றாக எடுத்து, எங்ஙனம் செய்யப்படுகின்றது என்பதை விளக்குகின்றது. கோலங்களின் பெயர்களைச் சிங்களக் கைவினைஞர் வாய்மொழியிலேயே தருகின்றது. கொடியோட்டத்துக்கு 'லியவெல' என்பதும், கழுத்துப் பின்னிய இரட்டை அன்னத்துக்கு 'ஹம்ச புட்டுவ' என்பதும் அவர்கள் வழங்கும் பெயர். ஆங்கிலேயர் இட்ட பெயரைத் தேடாமல், செய்தவன் இட்ட பெயரைக் கேட்டு எழுதியமை சிறு செய்தி போலத் தோன்றும். தோட்டத்துக் கிராணியாகிய நமக்கு அது சிறு செய்தியன்று. மரத்துக்கும் கருவிக்கும் மனிதனுக்கும் கூடத் துரை இட்ட பெயரே பேரேட்டில் ஏறுவதை நாள்தோறும் காண்கின்றோமல்லவா?

புத்தர் உருவத்துக்குக் கண் தீட்டும் சடங்கைப் பற்றிய பகுதி நூலிலேயே சிறந்ததென்பது நம் கருத்து. சிலையின் உடல் முழுதும் முடிந்த பின்னும் கண் எழுதப்படும் வரையில் அது சிலையே. கண் எழுதிய பின்னரே தொழத்தக்கதாகும். அக்கண்ணை எழுதுபவன் துறவியல்லன், கைவினைஞன். நம் நாட்டுக் கோயில்களிலும் சிற்பி கண் திறக்கும் வழக்கம் உண்டு. திறந்த மறுகணமே அவனை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தும் வழக்கமும் உண்டு. சடங்கில் நம்பிக்கையுள்ளவரும் இல்லாதவரும் ஒருங்கே சிந்திக்கத் தக்க இடம் இது. தெய்வத்துக்குப் பார்வை தந்த கைக்குத் தெய்வத்தின் அருகே நிற்க உரிமை உண்டா இல்லையா? நூலாசிரியர் இவ்வினாவை எழுப்பவில்லை. எழுப்புவதற்கு வேண்டிய செய்திகளை மட்டும் நம் முன் வைத்துவிட்டு நகர்கின்றார்.

இனி அம்மையாரின் பங்கைப் பார்ப்போம். நூலின் புகைப்படங்களுள் பெரும்பாலானவை அவர் எடுத்தவை. படம் என்றால் இன்று பொத்தானை அழுத்துவது என்று எண்ணுவோம். அக்காலத்துக் கருவியோ கனமானது. கண்ணாடித் தகடுகளால் ஆனது. ஈரமும் வெப்பமும் உள்ள நாட்டில் ஒவ்வொரு தகட்டையும் காப்பது பெரும்பாடு. ஆய்வுப் பயணங்களில் கணவருடன் சென்று, கோயிற் கதவையும் குயவன் சக்கரத்தையும் அவர் படம் பிடித்தார். படங்கள் ஆசிரியரின் எழுத்துக்கு அணியாக வைத்தவை என்று பலர் கருதுகின்றனர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்து சில இடங்களில் பழமையைப் புகழ்ந்து மேகத்தில் ஏறுகின்றது. படமோ தரையை விட்டு அகலுவதில்லை. எழுத்தில் 'கைவினைஞன்' என்று பொதுவாக நிற்பவன் படத்தில் ஒரு கையாக, ஒரு கருவியாக, ஒரு பொருளாக நிற்கின்றான்.

பூத்தையல் பற்றிய செய்திகளில் அம்மையாரின் கண் இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. கண்டி நாட்டு வெற்றிலைப் பைகளைப் பற்றி நூல் பேசுகின்றது. பருத்தித் துணியில் சிவப்பும் நீலமும் வெள்ளையுமான நூலால் சங்கிலித் தையலிட்டுக் கொடியும் பூவும் அமைத்த பைகள் அவை. அரண்மனைக்குத் தைத்த தொழிற் குலத்தார் ஒருபுறமிருக்க, கிராமத்துப் பெண்கள் தம் வீட்டுக்கென்று தைத்தவையும் உண்டு. ஆடவர் ஒருவர் தனியே போய்க் கேட்டிருந்தால் இவை அவர் கண்ணில் பட்டிருக்குமா? அடுக்களைக்குள்ளும் பெட்டிக்குள்ளும் இருப்பவை இவை. அதே 1904-இல் அரசாங்க உத்தியோகத்துக்காக இலங்கை வந்த லெனார்டு வுல்ஃப் ஏழாண்டு அங்கே தனியராய் வாழ்ந்தார். பின்பு நல்லதொரு நாவலும் எழுதினார். காட்டையும் கச்சேரியையும் அவர் அறிந்த அளவு பிறர் அறியார். வெற்றிலைப் பையின் தையலை அவர் எழுதவில்லை. ஒரு தீவில் இருவராய் வாழ்வதற்கும் ஒருவராய் வாழ்வதற்கும் உள்ள வேற்றுமை நூலிலும் தெரியத்தான் செய்கின்றது.

அம்மையாரின் பிற்கால வாழ்வு இதற்குச் சான்று. இங்கிலாந்து திரும்பிய சில ஆண்டுகளில் அவர் தறியில் அமர்ந்தார். மணவாழ்வு முறிந்தது, 1913-இல் பிலிப் மைரே என்பவரை மணந்து எதெல் மைரே ஆனார். 1916-இல் செடிகளிலிருந்து எடுக்கும் சாயங்களைப் பற்றி ஒரு கைந்நூல் எழுதினார். டிட்ச்லிங் என்னும் சிற்றூரில் நெசவுக்கூடம் அமைத்துப் பல பெண்களுக்குத் தொழில் கற்பித்தார். கைத்தொழில் வடிவமைப்புக்கு இங்கிலாந்தில் அளிக்கப்படும் பெருஞ்சிறப்புப் பட்டத்தைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே. 1952-இல் மறையும் வரையில் நூலும் சாயமுமே அவர் வாழ்வு. இவரைக் குமாரசுவாமியின் முதல் மனைவி என்று ஒரு வரியில் முடித்துவிடும் வரலாறுகளை நாம் பல முறை கண்டுள்ளோம். கணவர் கலையைப் பற்றி எழுதிக்கொண்டே போனார். மனைவி கலையைச் செய்யத் தொடங்கினார். கண்டித் தீவின் பயிற்சி யாருடைய கையில் பலித்தது என்று கேட்டால், நாம் அம்மையார் பக்கமே கை காட்டுவோம்.

நூலை அச்சிட்ட வரலாறும் அறியத்தக்கது. 1907-இல் தம்பதியர் இங்கிலாந்தில் பிராட் கேம்ப்டன் என்னும் ஊரில் குடியேறினர். நார்மானியர் காலத்துக் கோயில் ஒன்று பாழடைந்து கிடந்ததை ஆஷ்பீ என்னும் கட்டடக் கலைஞர் செப்பனிட்டு வீடாக்கித் தந்திருந்தார். கைத்தொழிலாளர் சங்கம் ஒன்றை அவ்வட்டாரத்தில் நடத்தி வந்தவர் அவர். அம்மையாரின் உடன்பிறந்தார் ஒருவரும் அச்சங்கத்தில் நகை செய்பவராய் இருந்தார். வில்லியம் மோரிஸ் நூல் அச்சிட்ட பழைய கையச்சுப் பொறி ஆஷ்பீயின் அச்சகத்துக்கு வந்திருந்தது. அதனைக் கொண்டே 1907 செப்டம்பர் முதல் 1908 டிசம்பர் வரை, குமாரசுவாமியின் நேர்ப்பார்வையில் 425 படிகள் அச்சிடப்பட்டன. பொறியால் பெருக்கிய மலிவுப் பொருளைக் கண்டிக்கும் நூலைக் கையாலேயே அச்சிட்டது பொருத்தமே. ஆனால் 425 படிகள் யாருக்குப் போயின? கண்டிக் கொல்லனுக்கு ஒரு படியும் வாங்க இயலாது; வாங்கினாலும் படிக்க இயலாது. பிறமொழி மோகத்தைக் கண்டித்துத் தாய்மொழிக் கல்விக்காக வாதாடியவர் குமாரசுவாமி. 1905-இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவி, பொருத்தமற்ற மேல்நாட்டு உடையையும் நடையையும் கடிந்தவரும் அவரே. அவருடைய சீர்திருத்தமும் ஆங்கிலத்திலேயே நடந்தது என்பதை நாம் நகையாமல் சொல்கின்றோம். ஆங்கிலப் பள்ளியிற் படித்துவிட்டுத் தமிழிதழில் எழுத வரும் நமக்கு நகைக்கும் உரிமை இல்லை.

நூலின் குறைகளைச் சொல்லாவிட்டால் இது பாராட்டுரையாகும், ஆராய்ச்சியாகாது. முதற்குறை, பழைய ஒழுங்கின்மீது ஆசிரியருக்குள்ள மையல். கைவினைஞனுக்கு நிலம் இருந்தது. நாளைக் கஞ்சியைப் பற்றிய அச்சம் இல்லை. ஆதலால் அவன் பொருளை விரைந்து விற்கக் கருதாமல் அழகுறச் செய்தான் என்பது அவர் வாதம். இதில் பாதியை நாம் மனமார ஏற்கின்றோம். அன்றாடக் கூலிக்கு வேலை செய்பவன் கையில் கலை வளராது என்பதை நிறுவ நமக்கு வேறு நூல் வேண்டா. நிறுத்த கொழுந்தின் எடையைக் குறிக்கும் நம் பேரேடே போதும். ஆயின் மறுபாதி? அந்நிலம் பணிக்கு ஈடாக வந்தது. அப்பணி பிறப்போடு வந்தது. தும்பரைப் பாய்கள் எத்துணை அழகியவை! அவற்றை நெய்த கின்னரயர் என்னும் குலத்தாரைக் கண்டிச் சமுதாயம் எங்கே வைத்திருந்தது? அடுக்கின் அடியில். பாய் அரங்கில் விரிக்கப்படும். நெய்தவன் அரங்கில் ஏறமாட்டான். இச்செய்தி நூலில் மறைக்கப்படவில்லை. ஆனால் அதனால் ஆசிரியரின் துயில் கலைந்ததாகவும் தெரியவில்லை. கட்டாயப் பணி முறையாகிய இராசகாரியத்தை ஆங்கில அரசு 1832-இல் ஒழித்தபோது கைவினைஞன் புரவலனை இழந்தான் என்பது மெய். அவன் மகன் வேறு தொழில் தேட ஒரு வாயில் திறந்ததும் மெய். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது நீதியாகாது. கங்காணியின் சாதியைப் பார்த்து லயத்தில் இடம் ஒதுக்கிய பழைய தோட்டங்களின் கதையைப் பாட்டன்மாரிடம் கேட்டு வளர்ந்தவர்கள், பிறப்பால் வரும் தொழிலைப் பாட்டாக்கிப் பாட மாட்டார்கள்.

இரண்டாங்குறையே நம்மைப் பேனா எடுக்கத் தூண்டியது. கண்டி மன்னன் 1815-இல் வீழ்ந்தான். மலையில் காடு அழிந்து காப்பி வந்தது. 1869-இல் தோன்றிய இலைநோயால் காப்பி மாய்ந்தது. அதன் இடத்தில் தேயிலை பரவியது. குமாரசுவாமி தம்பதியர் கண்டி நாட்டில் சுற்றிய ஆண்டுகளில் அம்மலைகளெல்லாம் தேயிலைப் பச்சை. 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் எனத் தனியே எண்ணப்பட்டவர் ஐந்து இலட்சத்துக்கு மேல். கொல்லன் பட்டறையிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில் அவர்கள் கொழுந்துக் கூடையோடு எதிர்ப்பட்டிருப்பார்கள். தமிழ்ப் பெயருடைய ஆசிரியரின் வழியில் ஐந்து இலட்சம் தமிழர். நூலிலோ அவர்களுக்கு இடமில்லை.

நூலின் பொருள் சிங்களக் கலை. தோட்டத் தமிழர் எங்கே வந்தனர் என்று கேட்பார் உளர். கேட்பது நியாயமே. தலைப்புக்கு வெளியே உள்ளதை எழுதவில்லை என்று ஒருவரைக் குறை கூறல் முறையன்று. நாம் கேட்பது வேறு. நிலைத்து வாழ்ந்தவனிடமே கலை உண்டு, பிழைக்க வந்தவனிடம் கூலி மட்டுமே உண்டு என்னும் எண்ணம் இந்நூலின் அடித்தளத்தில் இருக்கின்றதா இல்லையா? இருக்கின்றது என்றே நினைக்கின்றோம். பழமையின் எச்சத்தைத் தேடும் கண்ணுக்குப் புதிதாய் வந்து நடப்பட்டவன் தெரிவதில்லை. லயத்து வாசலில் விடியுமுன் இடப்பட்ட கோலமும், மாசி பங்குனியில் கண்டித் தோட்டங்களில் ஆடப்பட்ட காமன் கூத்தும், பிரட்டுக் களத்தில் அடித்த தப்பும் அக்கண்ணுக்குக் கலையாகப் படவில்லை.

அக்குடும்பத்திலேயே வேறொரு கண் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குமாரசுவாமியின் அத்தை மகன் சர் பொன்னம்பலம் அருணாசலம். 1901-ஆம் ஆண்டு இலங்கைக் குடிக்கணக்கை நடத்தியவர் அவர். தோட்டத் தொழிலாளியின் கடனை ஒரு சீட்டில் எழுதி, அக்கடனைக் கட்டுபவனுக்கே அவனை மாற்றிக் கொடுத்த 'துண்டு' என்னும் முறையை எதிர்த்துப் பிற்காலத்தில் போராடினார். 1921-இல் அம்முறை ஒழிந்தது. ஒரு மைத்துனர் அழிந்துவரும் அழகை எழுதிவைத்தார். மற்றொரு மைத்துனர் அழிய வேண்டிய சீட்டை அழிக்கப் பாடுபட்டார். இருவரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டுவதில்லை. ஆயினும், நம் வீட்டுச் சுவரில் எவர் படத்தை முதலில் மாட்டுவோம் என்பதில் ஐயமில்லை.

தோட்டத்துக் கலையை எழுதியவர் பின்னர்த் தோட்டத்திலிருந்தே வந்தார். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்; தம் மக்களின் பாடல்களைத் திரட்டி அச்சேற்றினார். 425 படிகளின் அழகு அத்தொகுப்புக்கு இல்லை. பாடியவர்களின் பிள்ளைகள் அதைப் படிக்க முடியும் என்பது அதன் அழகு.

தம்பதியர் ஊர் திரும்பினர் என்று மேலே எழுதினோம். எந்த ஊருக்கு என்பதில் நமக்கு ஒரு தயக்கம் உண்டு. அம்மையாருக்கு இங்கிலாந்து பிறந்த மண், ஐயமில்லை. குமாரசுவாமிக்கோ கொழும்பு பிறந்த மண், இங்கிலாந்து வளர்ந்த மண். அவர் 1903-இல் ஊர் திரும்பினாரா, 1907-இல் ஊர் திரும்பினாரா? 1917-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பொருட்காட்சிச் சாலைக்குச் சென்றவர் முப்பதாண்டு அங்கேயே பணியாற்றினார். 1947 ஆகஸ்டில் எழுபதாம் பிறந்தநாள் விருந்தில், இனி இந்தியா திரும்பி இமயத்தின் பக்கம் வாழப் போவதாகத் தெரிவித்தார். செப்டம்பர் 9-ஆம் நாள் காலமானார். ஊர் என்று ஒன்றை அவர் வாழ்நாளெல்லாம் எழுத்தில் கட்டினார். கால் வைக்கக் காலம் இடந்தரவில்லை.

அவருக்கு ஊர் எது என்று தேர்ந்துகொள்ளும் உரிமையேனும் இருந்தது. அவர் மறைந்த மறு ஆண்டு, 1948-இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 1964-இல் சிறிமா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. ஊர் திரும்பல் என்றே அதற்கும் பெயர் வைத்தார்கள். தீவில் பிறந்து, தீவிலேயே மணந்து, தாயும் தந்தையும் புதைந்த மண்ணை விட்டு, கண்ணால் கண்டிராத 'ஊருக்கு'க் கப்பலேறிய இளந்தம்பதியர் எத்தனை பேர்! அவர்களுக்கு நார்மன் கோயிலைச் செப்பனிட்டு வைத்திருந்தவர் யார்? அவர்கள் தீவில் கழித்த ஆண்டுகளை அச்சிட எந்தக் கையச்சுப் பொறி காத்திருந்தது? குமாரசுவாமியின் நூலை ஒரு கையிலும் இவ்வெண்களை மறு கையிலும் வைத்துக்கொண்டே நாம் அந்நூலைப் படிக்க வேண்டியிருக்கின்றது. நூலின்மீது மதிப்புக் குறைவதில்லை. படிக்கும்போது கை வலிக்கின்றது, அவ்வளவே.

ஆயினும், நூலின் முறையை நாம் கைவிடலாகாது. செய்பவனிடம் போய் உட்காருதல், அவன் சொல்லையே எழுதுதல், எங்ஙனம் செய்யப்படுகின்றது என்பதை முதலில் கேட்டு, அழகைப் பின்னர்ப் பேசுதல், பெண்கள் கையில் இருப்பதைப் பெண்களிடமே கேட்டல் என்னும் இம்முறை எம்மக்களுக்கும் பொருந்தும். அதற்குப் பொருள் வேண்டுவதில்லை, பொழுது வேண்டும். நம் மலையிலோ பொழுது குறைந்து வருகின்றது. கோலா தெர்லா வட்டாரத்தில் தேயிலைச் சரிவுகளின் இடையே காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் பெருகிவிட்டன. கொழுந்து வெட்டப் பொறி வந்துவிட்டது. பொறியைப் பிடிக்கும் கைகளில் பல வங்காள தேசத்தவை, நேப்பாளத்தவை, இந்தோனேசியாவினவை. அவர்களும் பிழைக்க வந்தவரே. அவர்களிடமும் பாட்டும் பின்னலும் இருக்கும். அதனையும் எவரேனும் கேட்டு எழுத வேண்டும்.

நாம் தனியே ஒரு குறிப்பேடு தொடங்கியுள்ளோம். முதற்பக்கத்தில் கொழுந்துக் கூடை. ரோத்தானை ஊறவைக்கும் நேரம், அடியில் குறுக்கே இடும் தப்பைகளின் எண்ணிக்கை, வாய் விளிம்பைச் சுற்றிக் கட்டும் வகை, தோளில் மாட்டும் பட்டை இருக்க வேண்டிய உயரம் ஆகியவற்றை, வேலையிலிருந்து நின்றுவிட்ட மூதாட்டி ஒருவரிடம் கேட்டு எழுதினோம். விளிம்பில் ஒரு சிவப்புத் துணி பின்னப்பட்டிருந்தது. அது எதற்கு என்று கேட்டோம். "நிறுவைக் கொட்டாயிலே எல்லாக் கூடையும் ஒரே மாதிரி இருக்கும், கிராணி. நம்ம கூடை நமக்குத் தெரியணும்லே?" என்றார். பின்னிய முறையைக் கேட்டபோது கையால் செய்து காட்டினார். நமக்கு விளங்கவில்லை. நம் மனைவியார் அருகிருந்து பார்த்து, அது சங்கிலித் தையல்தான் என்றார். அவ்வரியைக் குறிப்பேட்டில் அவரே எழுதினார். பக்கத்தின் தலைப்பில் இருவர் பெயரும் உள்ளன. மூதாட்டியின் பெயர் அவற்றுக்கு மேலே உள்ளது.